பரணில் கிடைத்த பழைய அச்சுப் புத்தகம்: அதன் வயதையும் வந்த வழியையும் கண்டுபிடிக்க முழுமையான வழிகாட்டி

நெல்லைச் சீமையில் பழைய அச்சுப் புத்தகங்கள் அரங்கு வீட்டுப் பரணிலிருந்தோ, கோயில் வாகன அறையிலிருந்தோ, சபை ஆபீஸ் அலமாரியிலிருந்தோ, காயல்பட்டினம், மேலப்பாளையம் வீடுகளின் மரப்பெட்டியிலிருந்தோதான் வெளியே வரும். வரும் நிலையும் பெரும்பாலும் ஒன்றுதான். அட்டை போயிருக்கும், முன்னால் நாலைந்து தாள் இருக்காது, ஓரமெல்லாம் பூச்சி தின்றிருக்கும். செபப் புத்தகம், தேவாரத் திரட்டு, கீர்த்தனைப் புத்தகம், பஞ்சாங்கம், அரபுத்தமிழ் (அரபு எழுத்தில் எழுதிய தமிழ்) மாலை என்று எதுவாக இருந்தாலும் கேள்வி இரண்டு: எப்போது, எந்த அச்சுக்கூடத்தில் அடித்தது? எப்படி இந்த வீடு வரைக்கும் வந்தது?

இதற்குப் பதில் தேடும்போது வரிசை முக்கியம். முதலில் தாளும் அச்சும், பிறகு எழுத்து வடிவம், பிறகு முகப்பு வாசகம், கடைசியில்தான் இணையம். புதிதாக இறங்குகிறவர்கள் தலைகீழாகச் செய்கிறார்கள். பெயரை இணையத்தில் போட்டு, முதலில் வரும் பதிப்பின் ஆண்டை எடுத்துத் தங்கள் பிரதிக்குச் சூட்டிவிடுகிறார்கள். ஓடுகிற புத்தகம் என்றால் அதே பெயரில் பத்து அச்சுக்கூடங்கள் அடித்திருக்கும். உங்கள் கையில் இருப்பது எது என்று புத்தகத்தின் உடம்புதான் சொல்லும்.

1. தொடங்கும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

மென்மையான பென்சில் (பேனா மேசையிலேயே இருக்கக் கூடாது), 30 சென்டிமீட்டர் ஸ்கேல், 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், சாய்த்துப் பிடிக்க ஒரு டார்ச், அகலமான மென்தூரிகை, கஞ்சி போடாமல் அலசிக் காயவைத்த வெள்ளைப் பருத்தித் துணி, ஒரு நோட்டு. துணியில் கஞ்சி கூடாது என்பதற்குக் காரணம் இராமபாணப் பூச்சி. அது மாவுச்சத்தைத் தேடித்தான் வருகிறது.

கையுறை வேண்டாம். கழுவி நன்றாகத் துடைத்த வெறுங்கை போதும். கையுறை போட்டால் தாளின் ஓரம் விரலுக்குத் தெரியாது, திருப்பும்போது கிழியும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள். ஈரத்தில் தாள்கள் ஒட்டிக்கொண்டிருக்கும், பிரித்தால் எழுத்தோடு வரும். தை முதல் பங்குனி வரை நல்ல காலம்.

2. பூச்சியை நிறுத்துவது

பரணிலிருந்து இறக்கியதும் மற்ற புத்தகங்களோடு சேர்க்காதீர்கள். வெயிலில் காயப்போடுவதும் கூடாது. பூச்சி உள்ளே போய் ஒளிந்துகொள்ளும், தாள்தான் மொறமொறப்பாகும்.

உயிருள்ள பூச்சி இருந்தால் புத்தகத்தைத் துணியில் சுற்றி, காற்றுப் போகாத பிளாஸ்டிக் பையில் மூடி, டீப் ஃப்ரீசரில் −18 டிகிரி அல்லது அதற்குக் கீழே இரண்டு வாரம் வையுங்கள். எடுத்த பிறகு ஒரு நாள் முழுக்கப் பையைத் திறக்கக் கூடாது. உடனே திறந்தால் வெளிக்காற்றின் ஈரம் குளிர்ந்த தாளில் வியர்த்துவிடும்.

கிழிசலுக்கு செலோடேப் ஒட்டவே ஒட்டாதீர்கள். சில ஆண்டுகளில் பசை மஞ்சளாகி எழுத்துக்குள் இறங்கும், பிறகு எடுக்கவும் முடியாது. ஓலைச்சுவடிக்குப் பூசும் எண்ணெயைத் தாளுக்குப் பூசுகிறவர்களும் உண்டு. ஓலைக்கு நல்லது தாளுக்குக் கேடு.

3. அச்சு எந்த வகை என்று பார்ப்பது

டார்ச்சைத் தாளுக்கு ஏறக்குறையப் படுக்கையாகப் பிடித்துப் பக்கத்தின் பின்புறத்தைப் பாருங்கள். எழுத்துகள் புடைத்துத் தெரிந்தால் ஈய எழுத்தைக் கோத்து அழுத்திய அச்சு. லென்ஸில் பார்த்தால் எழுத்தின் விளிம்பில் மை கனத்து, நடுவில் சற்று வெளுத்திருக்கும்.

புடைப்பே இல்லாமல் தட்டையாக இருந்தால் கல்லச்சு அல்லது ஆப்செட். கல்லச்சு கையெழுத்தைப் போல இருக்கும், ஒரே பக்கத்தில் இரண்டு ‘க’ அச்சாக ஒன்றுபோல் இராது. அரபுத்தமிழ்ப் புத்தகங்களில் கல்லச்சு மிகுதி. அவை வலமிருந்து இடமாகப் போகும். நமக்குப் பின்னட்டையாகத் தெரிவதுதான் அவற்றின் முன்னட்டை. இது தெரியாமல் பக்க எண்ணைத் தலைகீழாகப் போட்டு ஸ்கேன் செய்தவர்கள் பலர்.

புடைப்பில்லாத ஆப்செட் தாளில் பழைய முகப்பு அச்சாகியிருந்தால் அது நிழற்படி மறுபதிப்பு. புன்னைக்காயலில் பணியாற்றிய அண்ட்ரிக் அடிகளாரின் தம்பிரான் வணக்கம் என்ற கிறிஸ்தவச் சிறுநூல் 1578-இல் கொல்லத்தில் 16 பக்கமாக அச்சாயிற்று. அதன் மறுபதிப்பு 1960-களில் தூத்துக்குடியிலிருந்து வந்தது. பரணில் கிடைத்தால் எது என்று டார்ச் சொல்லிவிடும். மூலப்படி என்று நம்பி ஊரைக் கூட்ட வேண்டாம்.

4. தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடிப்பது

நெருக்கமான கோடுகளும், அவற்றை இரண்டரை சென்டிமீட்டர் இடைவெளியில் குறுக்கே வெட்டும் கோடுகளும் தெரிந்தால் கம்பிச் சட்டத்தில் அள்ளிய தாள், அல்லது அதைப்போலச் செய்த ஆலைத் தாள். கோடே இல்லாமல் மேகம் போல இருந்தால் வலைத் தாள். சீமைத் தாளில் நீரோட்டக் குறி (வாட்டர்மார்க்) தெரியும், சிலவற்றில் ஆண்டே இருக்கும். அந்த ஆண்டுக்கு முன் புத்தகம் அச்சாகியிருக்க முடியாது. ஆனால் அதே ஆண்டில் அச்சானது என்று சொல்லவும் முடியாது, தாள் கப்பலில் வந்து கிட்டங்கியில் கிடந்திருக்கலாம்.

ஓரத்திலிருந்து உள்நோக்கிப் பழுத்து, தொட்டாலே உடைகிற தாள் மரக்கூழ்த் தாள். 19-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியிலிருந்து மலிவுப் பதிப்புகளெல்லாம் இதில்தான். இங்கே ஒரு வேடிக்கை உண்டு: 1840-இல் அடித்த மிஷன் சிற்றேடு வெள்ளையாக இருக்கும், 1920-இல் அடித்த பெரிய எழுத்துக் கதைப் புத்தகம் கருகியிருக்கும். பழுப்பை வைத்து வயது சொன்னால் தப்பாகத்தான் போகும்.

5. பாரம் எண்ணுவது

பக்க எண்ணை மட்டும் நம்பாதீர்கள். பாரம் என்பது ஒரே பெரிய தாளில் அடித்து மடித்த பக்கங்களின் தொகுதி. ஒவ்வொரு பாரத்தின் முதல் பக்கத்திலும் அடியில் ஒரு சிறு எண் அச்சாகியிருக்கும். கட்டுகிறவர் பாரங்களை வரிசை மாறாமல் அடுக்குவதற்கான குறி அது. புதியவர்கள் அதைப் பக்க எண் என்றோ அடிக்குறிப்பு என்றோ எடுத்துக்கொள்கிறார்கள்.

குறி 1, 17, 33, 49-ஆம் பக்கங்களில் வந்தால் ஒரு பாரம் 16 பக்கம். 1, 9, 17 என்றால் 8 பக்கம். 1, 25, 49 என்றால் 24 பக்கம். இந்தக் கணக்குப் பிடிபட்டால், முன்னால் எத்தனை தாள் போயிற்று, நடுவில் எது இல்லை என்று பக்க எண் கிழிந்திருந்தாலும் சொல்லலாம். முதல் பாரத்துக்கு முன் முகப்பும் முகவுரையும் தனிப் பக்க எண்ணோடு இருப்பது வழக்கம். எனவே 1-ஆம் பக்கம் இருக்கிறது என்பதால் புத்தகம் முழுமை என்று எழுதிவிடாதீர்கள்.

பாரக் குறி நடுவில் திரும்பவும் 1-இலிருந்து தொடங்கினால், இரண்டு மூன்று சிற்றேடுகளைச் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் தனியாக வயது பார்க்க வேண்டும்.

6. எழுத்து வடிவம்

1978-இல் தமிழ்நாட்டரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது. ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலியவை இன்றைய வடிவுக்கு வந்தது அப்போதுதான். அதற்கு முன் ‘லை’ யானைத் துதிக்கை போல மேலே சுழித்து நிற்கும், ‘னா’ ஒரே எழுத்தாகக் கீழே வளையும். ஆனால் இரண்டு பக்கமும் விலக்கு உண்டு. பெரியாரின் இதழ்கள் 1930-களிலேயே புதிய வடிவத்துக்கு மாறின. சின்ன ஊர்களில் காலால் மிதித்து ஓட்டும் டிரெடில் அச்சுக்கூடங்களோ, எழுத்துப் பெட்டியில் இருந்த பழைய ஈய எழுத்துத் தேயும் வரை 1980-களிலும் அதையே ஓட்டின. கல்யாணப் பத்திரிகை அடிக்கப் புது ஈயம் யார் வாங்குவார்கள்?

இன்னும் பின்னால் போனால் எகர ஏகார வேறுபாடும் ஒகர ஓகார வேறுபாடும் இராது. கால் குறியும் ‘ர’வும் ஒன்றுபோல் இருக்கும், சொல்லுக்குச் சொல் இடைவெளி விடாமல் ஓடும். இத்தனையும் ஒன்றாகக் கண்டால் 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதி அல்லது அதற்கு முன் என்று ஐயப்படலாம். ஐயம் என்றுதான் குறிக்க வேண்டும், முடிவாக அல்ல.

7. ஆண்டைப் படிப்பது

தடுமாற்றம் மிகுதியாக வருவது இந்த இடத்தில்தான். தமிழ் எண்களை எழுத்தாகப் படித்துவிடுகிறார்கள். ௧ ‘க’ போலவும், ௨ ‘உ’ போலவும், ௪ ‘ச’ போலவும், ௭ ‘எ’ போலவும், ௮ ‘அ’ போலவும் இருக்கும். பழைய முறையில் 1872 என்பது ௲௮௱௭௰௨ என்று வரும். ஆயிரம், எட்டு நூறு, ஏழு பத்து, இரண்டு என்று வாய்விட்டுப் படித்தால் தவறாது. ௵ என்பது வருஷம், ௴ மாதம், ௳ தேதி. முகப்பின் உச்சியில் தனியாக நிற்கும் ‘உ’ பிள்ளையார் சுழி. அதை இரண்டாம் பாகம் என்று பதிந்தவர்களும் இருக்கிறார்கள்.

அடுத்தது, எந்த ஆண்டுக் கணக்கு என்பது. நம் பக்கத்தில் கொல்லம் ஆண்டு நன்றாகப் புழங்கியது. அது ஆவணியில் பிறக்கும். ஆவணி முதல் டிசம்பர் வரை வரும் தேதிக்கு 824, ஜனவரி முதல் ஆடி வரை 825 கூட்டுங்கள். மூன்று இலக்கமோ, 1000-ஐ ஒட்டியோ வரும் கொல்லம் ஆண்டைக் கிறிஸ்து ஆண்டாக எடுத்துக்கொண்டு யாரும் ஏமாறுவதில்லை. பசலியும் (நிலவரிக் கணக்கு ஆண்டு) ஹிஜ்ரியும்தான் ஒன்றோடொன்று குழம்பும். பசலிக்கு ஜூலை முதல் டிசம்பர் வரை 590, ஜனவரி முதல் ஜூன் வரை 591 கூட்ட வேண்டும். ஹிஜ்ரி சந்திரக் கணக்கு, எனவே 0.97-ஆல் பெருக்கி 622 கூட்டினால் ஓராண்டு முன்பின்னாக வரும். சக ஆண்டுக்கு 78 கூட்டுங்கள், கலியாண்டுக்கு 3101 கழியுங்கள். திருவள்ளுவர் ஆண்டு என்றால் 31 கழிக்க வேண்டும், அந்தக் கணக்கே 20-ஆம் நூற்றாண்டு வழக்கம்.

அறுபதாண்டுச் சுற்றில் பிரபவ 1867, 1927, 1987-இல் வந்தது. வெறுமனே ‘ஆங்கீரச வருஷம் புரட்டாசி’ என்றால் 1872-ஆ 1932-ஆ என்று சொல்ல முடியாது. பக்கத்தில் கொல்லம் 1048 என்று இருந்தால் 824 கூட்ட 1872, சிக்கல் தீர்ந்தது. அதே ஆங்கீரச வருஷம் தை மாதம் என்றால் 1873 ஆகிவிடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

முகவுரையின் கீழ் இருக்கும் தேதி முதற்பதிப்பின் தேதியாக இருக்கலாம். நாலாம் பதிப்பிலும் அதை மாற்றாமல் விட்டிருப்பார்கள். முகப்பும் முகவுரையும் வேறு ஆண்டு சொன்னால் இரண்டையும் எழுதி, பிந்தியதைக் கணக்கில் கொள்ளுங்கள்.

8. ஆண்டே இல்லாதபோது

1867-ஆம் ஆண்டின் 25-ஆம் சட்டப்படி பிரிட்டிஷ் இந்தியாவில் அச்சான ஒவ்வொரு புத்தகத்திலும் அச்சிட்டவர் பெயரும் அச்சான இடமும் இருக்க வேண்டியிருந்தது. ஆண்டு போடவேண்டும் என்று அந்த விதி சொல்லவில்லை. அதனால்தான் அச்சுக்கூடப் பெயர் இருந்தும் ஆண்டில்லாத புத்தகங்கள் இத்தனை. முகப்பு போயிருந்தால் கடைசிப் பக்கத்தின் அடியைப் பாருங்கள், அங்கே பொடி எழுத்தில் இருக்கலாம். பெயர் இருப்பதால் 1867-க்குப் பின் என்று முடிவு கட்டாதீர்கள், அதற்கு முன்பே பலர் தாமாகப் போட்டார்கள்.

விலை நல்ல சாட்சி. அணா, பை என்றால் 1957 ஏப்ரலுக்கு முன், அல்லது சற்றுப் பின் வரை. ‘ந.பை.’ என்றால் 1957-க்கும் 1964-க்கும் இடையே. விலை ரப்பர் முத்திரையாக இருந்தால் அது விற்ற காலம், அச்சான காலம் அல்ல. முகவரியில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பின். ‘சிதம்பரனார் மாவட்டம்’ என்றால் 1986-க்குப் பின்.

வேதாகமத்தின் உதிரித் தாள்களில் ஒரு சொல்லே துப்புக் கொடுக்கும். ‘பராபரன்’ என்றால் 18-ஆம் நூற்றாண்டில் லுத்தரன் மிஷனரி பப்ரிசியஸ் செய்த மொழிபெயர்ப்பின் வழி. ‘தேவன்’ என்றால் பெரும்பாலும் 1871-இல் முழுமையாக வந்த ஐக்கியத் திருப்புதல் (சபைகள் சேர்ந்து செய்த மொழிபெயர்ப்பு). ‘சர்வேசுரன்’ என்பது பழைய கத்தோலிக்கப் புத்தகங்களில் வழக்கு. ‘கடவுள்’ என்பது 20-ஆம் நூற்றாண்டுத் திருப்புதல்களில். ஆனால் சொல் மொழிபெயர்ப்பின் வயதைத்தான் காட்டும். லுத்தரன் சபைகளில் பப்ரிசியஸ் வாசகம் ஐக்கியத் திருப்புதலுக்குப் பின்னும் புழங்கியது, மறுபடி மறுபடி அச்சாயிற்று.

9. வந்த வழியைத் தேடுவது

அச்சுக்கூடத்தின் ஊரை முதலில் குறியுங்கள். பாளையங்கோட்டை சர்ச் மிஷன் அச்சுக்கூடம், நாசரேத்துத் தொழிற்பள்ளி அச்சுக்கூடம், நாகர்கோவில் லண்டன் மிஷன் அச்சுக்கூடம், சென்னை வேப்பேரி, புதுவை மாதாகோயில் அச்சுக்கூடம் என்று ஊர் தெரிந்தாலே எந்தச் சபையின் கைவழியாக வந்தது என்பது பாதி விளங்கும்.

பிறகு புத்தகத்தில் மனிதர்கள் விட்ட தடம். பரிசுச் சீட்டு, ஓய்வுநாள் பள்ளி முத்திரை, வாசகசாலை எண், ‘இந்தப் புஸ்தகம் இன்னாருடையது’ என்ற எழுத்து, பிள்ளை பிறந்த நாள் நட்சத்திரம், கடன் கணக்கு எல்லாவற்றையும் அப்படியே, பிழை திருத்தாமல் எழுதிக்கொள்ளுங்கள். சிற்றேடுகளின் முகப்பில் எத்தனை பிரதி அடித்தது என்ற எண் இருக்கலாம், அதைப் பக்க எண்ணோடு குழப்பாதீர்கள்.

அழுக்கையும் படியுங்கள். செபப் புத்தகத்தில் எந்தப் பக்கங்கள் மட்டும் விரல் பட்டுக் கறுத்திருக்கின்றன? பாராயணப் புத்தகத்தில் குங்குமமும் விளக்கெண்ணெயும் எந்தப் பதிகத்தில்? இறந்தவர்களுக்கான செபம் கறுத்து, மற்றவை புதிதாக இருந்தால், அந்த வீடு புத்தகத்தை எதற்கு எடுத்தது என்று தெரிகிறது. அதனாலேயே அழிப்பான் போட்டுச் சுத்தம் செய்யக் கூடாது என்கிறோம். உதிரும் தூசியைத் தூரிகையால் தட்டுவதோடு நிறுத்துங்கள்.

10. இரண்டு எல்லை எழுதுவது

இப்போது நோட்டில் இரண்டு வரி. ‘இதற்கு முன் இருக்க முடியாது’ ஒன்று, ‘இதற்குப் பின் இருக்க முடியாது’ மற்றொன்று. ஒவ்வொன்றுக்கும் சாட்சி பக்கத்திலேயே.

உதாரணமாக, முகப்பில்லாத ஒரு கீர்த்தனைப் புத்தகம். ஈய எழுத்து, பழுத்த தாள், அடியில் பாளையங்கோட்டை அச்சுக்கூடப் பெயர், மேற்கோள் வசனங்கள் ஐக்கியத் திருப்புதலில், உள்ளட்டையில் 1903 தேதியிட்ட பரிசு எழுத்து. முன் எல்லை: சுமார் 1871 (திருப்புதல் பகுதி பகுதியாக முன்பே வந்ததால் ‘சுமார்’). பின் எல்லை: 1903. ‘சுமார் 1871–1903’ என்று எழுதுவதுதான் நேர்மை. நடுவில் ஒரு வருஷத்தைப் பிடித்து ‘1890’ என்று போட்டால், அடுத்தவர் அதை ஆதாரமாக எடுத்துக்கொண்டு போவார்.

11. வெளியே ஒப்பிடுவது

அதே 1867 சட்டப்படி மாகாண அரசு மூன்று மாதத்துக்கு ஒரு முறை அச்சான புத்தகங்களின் பட்டியலை வெளியிட்டது. பெயர், அச்சுக்கூடம், வெளிவந்த தேதி, பக்கம், அளவு, எத்தனையாம் பதிப்பு, எத்தனை பிரதி, ஈய அச்சா கல்லச்சா, விலை என்று எல்லாம் அதில் உண்டு. உங்கள் பிரதியின் பக்கமும் விலையும் அளவும் ஒத்துப்போனால் ஆண்டு கிடைத்துவிடும். சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் தேடலாம்.

பட்டியலில் இல்லை என்றால் புத்தகம் அச்சாகவே இல்லை என்று பொருளல்ல. நாகர்கோவில் அன்று திருவிதாங்கூர், புதுவை பிரெஞ்சுக்காரரிடம். அந்த ஊர்களில் பிரிட்டிஷ் இந்தியச் சட்டம் செல்லாது. பணகுடி, வள்ளியூர்ப் பக்கத்து வீடுகளில் நாகர்கோவில் அச்சு கிடைப்பது சகஜம், அதைச் சென்னைப் பட்டியலில் தேடி வாரக்கணக்கில் சோர்ந்து போக வேண்டாம்.

பிறகு தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் பட்டியல், இன்டர்நெட் ஆர்க்கைவ் ஆகியவற்றில் பாருங்கள். ஒப்பிடும்போது பெயரை மட்டும் பார்க்காமல், ஒரே பக்கத்தின் முதல் வரியும் கடைசி வரியும் ஒரே இடத்தில் முறிகிறதா என்று பாருங்கள். மறுபடி எழுத்துக் கோத்தால் வரி பெரும்பாலும் மாறிவிடும். ஒரே உடைந்த எழுத்து இரண்டு பிரதியிலும் அதே இடத்தில் இருந்தால் ஒரே எழுத்துக் கோப்பில் அடித்தது, அல்லது அதிலிருந்து வார்த்த தகட்டில் அடித்தது.

12. ஸ்கேன்

புத்தகத்தை 100 டிகிரிக்கு மேல் விரிக்காதீர்கள். இரண்டு பக்கமும் தலையணை வைத்து, மேலிருந்து கேமராவில் எடுப்பதே நல்லது. தட்டை ஸ்கேனரில் கவிழ்த்து அழுத்தினால் மரக்கூழ்த் தாள் முதுகில் ஒடியும். விளக்கு இரண்டு, இரு பக்கமும் 45 டிகிரியில். பின்பக்க எழுத்து தெரியாமல் இருக்கத் தாளுக்கு அடியில் கறுப்புத் தாள்.

முதல் படத்தில் ஸ்கேலும் சேர்ந்து விழட்டும், பின்னால் அளவு கேட்பார்கள். நிறத்தோடு, குறைந்தது 400 டிபிஐ தரத்தில் எடுங்கள். கறுப்பு வெள்ளையில் எடுத்தால் பென்சில் குறிப்பும் புள்ளியும் போய்விடும். வெற்றுப் பக்கத்தையும் விடாமல் எடுக்க வேண்டும், இல்லையென்றால் பாரக் கணக்கு இடிக்கும்.

வலையேற்றும் முன் உரிமையைப் பாருங்கள். ஆசிரியர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டுத் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டு வரை காப்புரிமை நிற்கும். பழைய பாட்டுக்கு எழுதிய புதிய உரைக்கும் அது பொருந்தும். புத்தகம் சபைக்கோ மடத்துக்கோ பள்ளிவாசலுக்கோ உரியது என்றால் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

13. திரும்ப வைப்பது

துணியில் சுற்றி, நிற்க வைக்காமல் படுக்க வைத்து, கனமானது கீழே, லேசானது மேலே. தரையிலிருந்து ஓரடி உயரம், சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி. கரையான் சுவர் வழியாகத்தான் ஏறும். வசம்பும் வேப்பிலையும் போடுவதானால் துணிக்கு வெளியே, தாளில் படாமல். இரண்டு எல்லைகளையும் எழுதிய சீட்டைப் பென்சிலில் எழுதித் துணி முடிச்சில் செருகுங்கள். புத்தகத்தின் மேல் ஒட்ட வேண்டாம்.